மரப் பீடத்தில் சிற்றுருவங்களை ஒட்டுதல்

மேசைப் போர்விளையாட்டில் பயன்படும் சிற்றுருவம் என்பது உலோகத்திலோ பிளாஸ்டிக்கிலோ ரெசினிலோ வார்க்கப்பட்ட, பெரும்பாலும் 15 முதல் 28 மில்லிமீட்டர் அளவுடைய வீரனின் உருவமாகும். அது நிற்பதற்காக அடியில் ஒட்டப்படும் தட்டையான பலகை பீடம் எனப்படும். விளையாடுவோர் வண்ணம் கெடாதிருக்க உருவத்தைத் தொடாமல் பீடத்தின் விளிம்பைப் பிடித்தே தூக்கி நகர்த்துவதால், உருவத்தின் எடை, ஒருவன் ஈட்டி அடுத்தவன் கேடயத்தில் மாட்டி இழுபடும் விசை, மேசையிலிருந்து தவறி விழும்போது ஏற்படும் அதிர்ச்சி ஆகிய அனைத்தையும் இரு பாதங்களுக்கு அடியிலுள்ள சில சதுர மில்லிமீட்டர் பசை தாங்க வேண்டியிருக்கிறது. எந்தப் பசை வலிமை மிக்கது என்பதே இத்துறைக்குப் புதியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி. ஆனால் விட்டுப்போன ஒட்டுகளை எடுத்துப் பார்த்தால், பசையே உடைந்திருப்பது குறைவாகவும், அதன் அடியிலிருந்த வண்ணமோ கரியோ தூசியோ மரநாரோ பெயர்ந்து வந்திருப்பது அதிகமாகவும் இருக்கும். எனவே இந்த அத்தியாயம் மரத்தைப் பற்றிய செய்திகளிலிருந்து தொடங்கிப் பசைக்கு வருகிறது.

மரப் பீடம் இவ்விளையாட்டின் தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. லண்டனின் வில்லியம் பிரிட்டன் குடும்ப நிறுவனம் 1893இல் உள்ளீடற்ற வார்ப்பு முறையில் விற்பனைக்குக் கொண்டுவந்த 54 மி.மீ. ஈய வீரர்களும், எச். ஜி. வெல்ஸ் 1913இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற விதிநூலில் ஆடிக்காட்டிய பொம்மைப் படைகளும், காலடியில் வார்ப்போடு சேர்ந்தே வந்த சிறு தகட்டின்மேல் தனித்தனியாக நின்றன. உருவங்களின் அளவு குறைந்து, பல வீரர்கள் ஒரே அணியாக நகரத் தொடங்கிய பிறகுதான் பொதுவான பலகை தேவைப்பட்டது. 1990இல் வெளியான ‘டி பெல்லிஸ் ஆண்டிக்விடாடிஸ்’ என்னும் பண்டைக்காலப் போர் விதிநூல், 15 மி.மீ. உருவங்களுக்கு 40 மி.மீ. முகப்பும் 25 மி.மீ. உருவங்களுக்கு 60 மி.மீ. முகப்பும் உடைய பீடங்களை வகுத்து, ஒவ்வொரு படைக்கும் அத்தகைய 12 அணிகளை விதித்தது. முகப்பு என்பது எதிரியை நோக்கும் பக்கத்தின் அகலம். இரு படைகள் விளிம்போடு விளிம்பு பொருந்தி நின்றால்தான் விதிகள் செயல்படும் என்பதால், பீடம் அளவில் பிசகாததாகவும் வளையாததாகவும் இருக்க வேண்டும். லேசர் வெட்டுக் கருவிகள் பரவிய பின்னர் இந்தத் துல்லியம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது.

பலகையைத் தேர்தல்

இன்று விற்கப்படும் மரப் பீடங்களில் பெரும்பாலானவை, கடைகளில் எம்.டி.எஃப். என்று வழங்கும் நார்ப்பலகையில் 2 அல்லது 3 மி.மீ. தடிமனில் வெட்டப்பட்டவை. மரநாரைச் செயற்கைப் பிசினோடு கலந்து வெப்பமும் அழுத்தமும் கொடுத்துத் தகடாக்கிய இப்பலகையில் இழையோட்டம் இல்லாததால், எத்திசையில் வெட்டினாலும் விளிம்பு பிளவுபடுவதில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. அதன் மேற்பரப்பு அழுத்தத்தால் இறுகி வழுவழுப்பாக இருக்க, வெட்டிய விளிம்பு நீரையும் பசையையும் ஆவலோடு உறிஞ்சிப் பருக்கும். லேசரால் வெட்டியதாயின் அவ்விளிம்பில் கரி படிந்திருப்பதால், அதன்மேல் பூசிய பசையும் வண்ணமும் பலகையைப் பற்றாமல் கரியையே பற்றும். விரலால் தடவினால் கறுப்பு ஒட்டாத அளவுக்கு விளிம்பை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் இறுகப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால் போதும். தேய்க்கும்போது எழும் தூசியில் ஃபார்மால்டிஹைடு சார்ந்த பிசின் கலந்திருப்பதால், முகக்கவசம் அணிந்து காற்றோட்டமான இடத்தில் இவ்வேலையைச் செய்வது அவசியம்.

பிளைவுட் என்னும் ஒட்டுப்பலகை, மெல்லிய மரத்தகடுகளை ஒன்றுக்கொன்று குறுக்கான இழையோட்டத்தில் அடுக்கி ஒட்டியது. மரம் காற்றின் ஈரத்துக்கேற்ப இழைக்குக் குறுக்கே விரிந்து சுருங்குமே தவிர நீளவாக்கில் ஏறத்தாழ மாறுவதில்லை; அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும்போது ஒன்றின் அசைவை மற்றொன்று தடுத்துவிடுகிறது. ஆகவே 1.5 மி.மீ. பிளைவுட் கூட, அதே தடிமனுள்ள ஒற்றை மரத்தகட்டைவிட நேராக நிற்கும். பால்சா மரம் அறுக்க எளிதென்பதால் சிலர் அதை நாடுகின்றனர். உலோக உருவத்துக்கு அது ஏற்றதன்று, ஏனெனில் எடை முழுவதும் மேலேயே தங்கிப் பீடம் எளிதில் கவிழ்வதோடு, சிறு இழுப்பிலேயே பசையோடு மேல்நார் உரிந்து வந்துவிடும். காட்சிக்கு வைக்கப்படும் 54 மி.மீ., 75 மி.மீ. உருவங்களுக்கான தடித்த பீடங்களில்தான் திடமரம் தன் இடத்தைப் பெறுகிறது. தேக்கு, ஈட்டி போன்ற மரங்களில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை ஊறியிருப்பதால், ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானவுடனேயே பசையிட வேண்டும். ஒரு நாள் கழித்து ஒட்டினால் உள்ளிருந்த எண்ணெய் மீண்டும் மேற்பரப்புக்கு வந்திருக்கும்.

பசைகளின் இயல்பு

சூப்பர் குளூ என்றும், நம் கடைகளில் ஃபெவிக்விக் என்ற வணிகப்பெயரிலும் அறியப்படும் சயனோஅக்ரிலேட் பசை, துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்கு ஏற்ற தெளிவான பிளாஸ்டிக்கைத் தேடிய ஹாரி கூவர் குழுவினரின் கைக்கு 1942இல் அகப்பட்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்பதற்காக அப்போது கைவிடப்பட்டு, 1951இல் அதே குணத்துக்காக மீண்டும் கவனிக்கப்பெற்று, 1958இல் விற்பனைக்கு வந்தது. இது உலர்ந்து இறுகும் பசையன்று. பரப்பின்மீது எப்போதும் படிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் தூண்ட, அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. இதிலிருந்து நடைமுறைக்குரிய மூன்று விளைவுகள் பிறக்கின்றன. பசை மெல்லிய படலமாக இருந்தால் விரைவாகவும் உறுதியாகவும் பிடிக்கும், குவியலாக இட்டால் நடுப்பகுதி நீண்ட நேரம் திரவமாகவே கிடக்கும். எனவே அதிகமாக இடுவது ஒட்டைப் பலவீனப்படுத்தும். அமிலத்தன்மை இவ்வினையைத் தடுப்பதால், சற்றே அமிலத்தன்மையுள்ள மரத்தின்மீது இப்பசை உலோகத்தின்மீது பிடிப்பதைவிடத் தாமதமாகவே பிடிக்கும். மூன்றாவதாக, இறுகிய பசை கண்ணாடியைப் போல் நொறுங்கும் இயல்புடையதாதலால், நேராக இழுத்தால் பெரும் விசையைத் தாங்கினாலும் பக்கவாட்டுத் தட்டலுக்குச் சட்டென விட்டுவிடும்.

மரத்தின்மீது இப்பசையைப் பயன்படுத்துவோர் அதிகம் சந்திக்கும் தோல்வி, பசை உள்ளே இறங்கிவிடுவதாகும். நீர்போன்ற மெல்லிய வகையை எம்.டி.எஃப். பலகையில் இட்டால் அது நாரிடையே ஊறிப்போய், உருவத்தின் பாதத்துக்கும் பலகைக்கும் இடையே எதுவும் எஞ்சாது. பாதம் படும் இடத்தில் ஒரு துளியைத் தேய்த்துப் பரப்பி, அது ஊறி இறுகும்வரை சில நிமிடங்கள் விட்டு, பின்னர் கூழ் வடிவிலுள்ள வகையைப் பாதத்தில் இட்டு அழுத்துவதே சரியான முறை. முதல் துளி மரத்துவாரங்களை அடைத்துவிடுவதால் இரண்டாவது துளி மேலேயே தங்கும்.

இப்பசையின் ஆவி கண்ணையும் மூக்கையும் உறுத்தும். மிகையாக இட்ட பசையிலிருந்து எழும் ஆவி சுற்றியுள்ள வண்ணத்தின்மீது படிந்து வெண்ணிறப் பூஞ்சைபோல் உறைவதும் உண்டு. தடயவியலார் பொருள்களின்மீதுள்ள கைரேகையைப் புலப்படுத்தப் பயன்படுத்துவதும் இதே ஆவிப்படிவைத்தான் என்பது இங்கே நினைக்கத்தக்கது. கசிந்த பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்கக் கூடாது, ஏனெனில் பருத்தியில் பட்டால் வினை மிக வேகமாக நடந்து கையைச் சுடும் அளவுக்கு வெப்பம் எழும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்க முயலாமல், வெதுவெதுப்பான சோப்புநீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்க வேண்டும்.

தச்சர்கள் நாள்தோறும் கையாளும் வெள்ளைப் பசை, அதாவது ஃபெவிகால் போன்றவை, பாலிவினைல் அசிட்டேட் என்னும் பொருளின் நுண்துகள்கள் நீரில் மிதக்கும் குழம்பாகும். நீர் மரத்துக்குள் உறிஞ்சப்பட்டும் காற்றில் ஆவியாகியும் வெளியேறும்போது துகள்கள் நெருங்கி ஒன்றாகின்றன. ஒட்டப்படும் இரண்டு பொருள்களில் ஒன்றாவது நீரை உறிஞ்ச வேண்டும் என்பது இதன் நிபந்தனை. மரத்தோடு மரத்தையோ மணலையோ ஒட்டுவதில் இதற்கு இணையில்லை, வழுவழுப்பான உலோகப் பாதத்தை ஒட்டுவதில் இது ஏமாற்றிவிடும். காலடியில் அகன்ற தகட்டோடு வார்க்கப்பட்ட 15 மி.மீ. உருவங்களை மட்டும் பலர் வெள்ளைப் பசையாலேயே பதிக்கின்றனர். எடை குறைவாகவும் தொடும் பரப்பு அதிகமாகவும் இருப்பதால் அது பெரும்பாலும் நிலைக்கிறது. பின்னாளில் நீரில் ஊறவைத்துக் கழற்றலாம் என்பது அம்முறையின் தனி நன்மை.

எபாக்சி என்பது பிசினும் இறுக்கியும் தனித்தனிக் குழாய்களில் வரும் இருபகுதிப் பசை; அரால்டைட் அவற்றுள் பரவலாக அறியப்பட்டது. இரண்டையும் உறையில் குறித்த விகிதத்தில் பிதுக்கி, நிறம் ஒன்றாகும்வரை கலந்து பூச வேண்டும். கலவை குறைந்தால் எத்தனை நாள் வைத்தாலும் அது பிசுபிசுப்பாகவே இருக்கும். நீர் வெளியேறத் தேவையின்றி வேதிவினையால் இறுகுவதால் இது சுருங்குவதில்லை, பாதத்துக்கும் பலகைக்கும் இடையிலுள்ள மேடுபள்ளத்தையும் நிரப்பிக்கொள்கிறது, அதிர்ச்சியையும் ஓரளவு தாங்குகிறது. உலோகத்தையும் மரத்தையும் இணைக்க இதுவே முதல்தரமானது என்று துணிந்து கூறலாம். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வசதியானது. காட்சிப் பீடத்துக்கு, மெதுவாக இறுகும் வகையே மேலானது.

பிளாஸ்டிக் உருவங்களின் உறுப்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் கரைப்பான் பசை, பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை உருக்கி ஒன்றாக்குவது. மரத்தில் உருகுவதற்கு எதுவும் இல்லாததால் அங்கே அதை நம்பக் கூடாது. பிளாஸ்டிக் உருவம் எடையற்றதாகையால், மரத்தோடு அதைச் சேர்க்கக் கூழ்வகைச் சூப்பர் குளூவே போதுமானது.

பரப்பைப் பண்படுத்துதலும் முளையடித்தலும்

வார்ப்பு அச்சிலிருந்து எளிதில் கழன்றுவரத் தடவப்படும் பொடியோ எண்ணெயோ உருவத்தின்மீது எஞ்சியிருக்கும் என்பதால், உலோக, ரெசின் உருவங்களைச் சோப்புநீரில் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி உலர்த்துவது முதல் வேலை. அடுத்து, பாதத்தின் அடிப்பக்கத்தை அரத்தால் சமப்படுத்தி, கத்திமுனையால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட வேண்டும். ஏற்கெனவே வண்ணம் தீட்டிய உருவமாயின், அடிப்பக்கத்து வண்ணத்தைச் சுரண்டி நீக்குவது கட்டாயம், ஏனெனில் பசை பற்றியிருப்பது வண்ணத்தையாதலால் அந்த வண்ணம் உலோகத்தைப் பற்றியிருக்கும் அளவுக்கே ஒட்டு நிலைக்கும். பலகைக்கும் இதே விதி பொருந்தும்: ஈரம் புகாமல் சீலரோ வார்னிஷோ பூசிய பலகையில், பாதம் படும் இடத்தை மட்டும் மரம் தெரியும்வரை தேய்த்துவிட வேண்டும்.

ஓடும் குதிரை, ஒற்றைக் காலில் நிற்கும் வீரன், கால்களை நிலத்தில் ஊன்றாமல் பாயும் விலங்கு போன்ற உருவங்களுக்கு எந்தப் பசையும் தனித்துப் போதாது. அவற்றுக்கு முளை வேண்டும். முளை என்பது பாதத்துக்குள்ளிருந்து பலகைக்குள் செல்லும் மெல்லிய உலோகக் கம்பி. 0.8 அல்லது 1 மி.மீ. பித்தளைக் கம்பி இதற்கு உகந்தது. நிமிர்த்திய காகிதக் கவ்வியும் பயன்படும். விரல்களால் சுழற்றும் சிறு கைத்துளைப்பானில் அதே பருமனுள்ள துளையூசியைப் பொருத்தி, முதலில் பாதத்தின் நடுவில் கத்திமுனையால் ஒரு குழி இட்டு, அக்குழியில் ஊசியை நிறுத்தி, கணுக்காலின் போக்கைப் பார்த்தபடி 3 முதல் 5 மி.மீ. ஆழத்துக்கு மெல்லச் சுழற்ற வேண்டும். உலோக உருவங்கள் வார்க்கப்படும் வெள்ளீயக் கலவை மென்மையானது என்றாலும் சுருள்துகள் துளையூசியின் புரியில் அடைத்துக்கொள்ளுமாதலால், இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை ஊசியை வெளியே எடுத்துத் துடைக்காவிட்டால் ஊசி முறியும். பழைய உருவங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால் அத்துகள்களைத் திரட்டி அப்புறப்படுத்திக் கைகழுவிய பிறகே வேறு வேலைக்குச் செல்ல வேண்டும்.

கம்பியைப் பாதத்தில் சூப்பர் குளூவால் பதித்த பின், பலகையில் எந்த இடத்தில் துளையிடுவது என்ற சிக்கல் எழும். கம்பியின் முனையில் வண்ணத்தை ஒற்றி, உருவத்தைப் பீடத்தின்மேல் நிற்க வேண்டிய கோணத்தில் பிடித்து ஒருமுறை மெல்லத் தொட்டெடுத்தால், பலகையில் விழும் புள்ளியே துளையின் இடம். இரு பாதங்களிலும் முளை இருந்தால் இரு புள்ளிகளும் ஒரே தொடுதலில் விழுந்துவிடும். அளவுகோல் வைத்துக் குறித்தால் இந்தத் துல்லியம் கிட்டாது. 3 மி.மீ. பலகையாயின் அடிப்பக்கம்வரை முழுவதும் துளைத்து, ஒட்டிய பிறகு நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை வெட்டி அரத்தால் தேய்த்துவிடலாம். துளையில் எபாக்சியை இட்டு, பாதத்தின் அடியிலும் தடவி, உருவத்தை இறக்கி, நிமிர்வு சரியா என்பதை முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்து, பசை இறுகும்வரை அசையாமல் வைத்திருக்க வேண்டும். சாய்வாக நிற்கும் உருவத்துக்குக் களிமண் உருண்டையால் முட்டுக் கொடுப்பது எளிய வழி.

பலகை வளைதல்

உருவம் உறுதியாக நின்ற பிறகு, பீடத்தின்மேல் வெள்ளைப் பசை தடவி மணலோ நுண்சரளையோ தூவி நிலப்பரப்பை உருவாக்குவது வழக்கம். பீடம் வளைவது இந்தக் கட்டத்தில்தான். ஈரத்தை உறிஞ்சிய மேற்பக்கம் முதலில் விரிகிறது. பின்னர் பசை உலர்ந்து சுருங்கும்போது பலகையைத் தன் பக்கம் இழுப்பதால் நான்கு மூலைகளும் மேலெழுகின்றன. 20, 25 மி.மீ. சதுரப் பீடங்களில் இது கண்ணுக்குத் தெரியாது; 100 மி.மீ. நீளமுள்ள 2 மி.மீ. பலகையில் மேசையின்மீது ஆடும் அளவுக்கு வெளிப்படும். 3 மி.மீ. பலகையைத் தேர்வதும், தொடங்கும் முன்பே இருபக்கமும் விளிம்பும் சீலர் பூசுவதும், வெயிலிலோ விசிறிக்கு நேராகவோ வைத்து உலர்த்தாமல் நிழலில் மெதுவாக உலரவிடுவதும் முன்தடுப்புகள். வளைந்துவிட்ட பீடத்தின் அடிப்பக்கத்தில் நீர்த்த வெள்ளைப் பசையைச் சீராகப் பூசி உலரவிட்டால், எதிர்ப்பக்கத்து இழுவிசை பெரும்பாலும் அதை நேராக்கிவிடும்.

சென்னை, கொழும்பு போன்ற கடலோர நகரங்களில் காற்றின் ஈரப்பதம் மிகுதியாதலால் இரண்டு செய்திகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். சூப்பர் குளூ அங்கே விரைந்து பிடிப்பதோடு வெண்படிவையும் அதிகமாக உண்டாக்கும். திறந்த குழாயும் விரைவில் கெட்டியாகிவிடும். இறுக மூடி, காற்றுப்புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வைத்தால் நீண்ட நாள் வரும், ஆனால் வெளியே எடுத்து அறைவெப்பத்துக்கு வந்த பின்னரே மூடியைத் திறக்க வேண்டும், இல்லையேல் குளிர்ந்த முனையில் படியும் ஈரமே அதை அடைத்துவிடும். வெள்ளைப் பசையோ மழைக்காலத்தில் மேலே உலர்ந்ததுபோல் தோன்றி உள்ளே ஈரமாக இருக்கும். மறுநாள் வரை காத்திருப்பது நலம்.

கழற்றுதல்

விதிநூல்கள் மாறும்போது பீட அளவும் மாறும். ‘வார்ஹாமர்’ கற்பனைப்போர் விளையாட்டு 2015இல் ‘ஏஜ் ஆஃப் சிக்மார்’ என உருமாறியபோது சதுரப் பீடங்களிலிருந்து வட்டப் பீடங்களுக்குச் சென்றது. 2024இல் வெளிவந்த ‘தி ஓல்டு வேர்ல்டு’ மீண்டும் சதுரங்களையே கேட்டது. ஆகவே ஒட்டும்போதே கழற்றுவதையும் எண்ணிக்கொள்வது அறிவுடைமை. சூப்பர் குளூவால் ஒட்டிய உருவத்தைக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் பசை மேலும் நொறுங்குந்தன்மை அடைந்து, பீடத்தைப் பிடித்துத் திருகிய அளவில் விட்டுவிடும். வெள்ளைப் பசைக்கு நீரும் பொறுமையும் போதும். எபாக்சியும் முளையும் சேர்ந்த ஒட்டைப் பீடத்தை உடைக்காமல் பிரிப்பது அரிது. எந்த விதிநூலில் ஆடுவது என்று இன்னும் முடிவு செய்யாதவர்கள், உருவங்களை முதலில் சிறு தனிப்பீடங்களில் ஒட்டி, அப்பீடங்கள் பொருந்தும் குழிகளை வெட்டிய பெரிய தட்டில் அணியாக வைத்து நகர்த்துவதே நல்லது. அளவு மாறினால் தட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.